யாருடைய கோழி, யாருடைய கூடு? ‘கம் ஹோம் டு ரூஸ்ட்’ என்னும் ஆங்கிலத் தொடர்

‘த சிக்கன்ஸ் ஹேவ் கம் ஹோம் டு ரூஸ்ட்.’ ஆங்கிலப் பத்திரிகைகளின் அரசியல் பத்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வசனம் இது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், கோழிகள் அடைவதற்கு வீடு வந்துவிட்டன என்பது பொருள். உயர்தர மாணவரின் மரபுத்தொடர்க் கொப்பியில் இதற்கு நேரே ‘செய்த வினையின் பலன்’ என்று எழுதியிருக்கும். எழுதியது பிழையில்லை. அந்த ஒரு வரியை மட்டும் நம்பி வசனம் அமைக்கப் போகும்போதுதான் சறுக்குகிறது. சூறாவளி அடித்தாலும் கோழி, காய்ச்சல் வந்தாலும் கோழி, பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தாலும் கோழி என்று ஆகிவிடுகிறது. மூன்றும் பிழை. ஏன் பிழை என்று விளங்க இலக்கணப் புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை. ஊர்க்கோழி வளர்க்கிற ஒரு வளவைப் பின்னேரம் ஆறு மணிபோலப் பார்த்தால் போதும்.

‘ரூஸ்ட்’ என்பது கோழி அடைவது. பறவைகள் இரவுக்கு ஒரு கொப்பிலோ கம்பிலோ கூட்டிலோ ஏறி உட்கார்ந்து உறங்குவதற்கான வினைச்சொல். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் விடியக் கூட்டைத் திறந்துவிட்டால் கோழிகள் சொந்த வளவில் நிற்பதில்லை. வேலிக்குக் கீழால் நுழைந்து அடுத்த வளவுக் குப்பையைக் கிளறும், கத்தரிக் கன்றடியைப் பறிக்கும், படங்கில் காயப்போட்ட நெல்லில் இறங்கும். நாலு வீட்டுக் கோழியும் பகலில் ஒன்றாய்த்தான் மேயும். “உங்கட கோழி எங்கட நெல்லைத் திண்டு முடிச்சிட்டு” என்று ஒருவர் வேலியடியில் வந்து நின்றால், “அது எங்கட கோழி இல்லகா” என்று சொல்லித் தப்பிவிடலாம். கோழியின் நெற்றியில் பெயர் எழுதியா இருக்கிறது?

பொழுது சாய்ந்ததும் நிலைமை மாறும். மங்கல் வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. இருட்டுக்கு முன் அடைந்துவிட வேண்டும் என்பது அதன் உடம்போடு பிறந்த அவசரம். யாரும் கூப்பிட வேண்டாம், துரத்த வேண்டாம். பகல் முழுதும் கலந்து மேய்ந்த கூட்டம் தானாகப் பிரியும். ஒவ்வொன்றும் தான் நேற்று அடைந்த இடத்துக்கே போகும். பகலில் ‘எங்கட இல்ல’ என்று மறுத்த கோழி யாருடைய கூட்டில் ஏறுகிறது என்று வேலிக்கு இப்பால் நின்று பார்த்தால் வழக்கு முடிந்தது.

‘ஹோம்’ என்ற சொல்லையும் இதே வளவில் வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். விலைக்கு வாங்கிவந்த கோழியை நாலைந்து நாள் புதுக் கூட்டுக்குள் அடைத்து வைத்து, பிறகுதான் திறந்துவிடுவார்கள். முதல் நாளே திறந்தால் அது பழைய வீட்டுக்கு வழிதேடும். கோழிக்கு வீடு என்பது அது அடைந்து பழகிய இடம். தொடர் சொல்வதும் அதைத்தான்: கெட்ட செயல் எங்கே வளர்ந்ததோ அங்கேதான் வந்து அடையும்.

ஆக இந்தத் தொடருக்குள் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. கோழியை வளர்த்து வெளியே விட்ட ஒருவர் இருக்க வேண்டும். இடையில் ஒரு பகல் இருக்க வேண்டும், அதாவது செய்தவர் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலம். திரும்பி வருவது அவருடைய கூட்டுக்கே வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு தொடரைத் தேடுவதுதான் சரி.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அது கோழியைப் பார்த்தால் விளங்காது. இந்தத் தொடர் கெட்டதற்கு மட்டுமே வரும். யோசித்தால் இது விசித்திரம். கோழி வளர்ப்பவருக்குக் கோழி திரும்பி வருவது நல்ல செய்தி, வராவிட்டால்தான் கவலை. கீரிப்பிள்ளை பிடித்ததோ என்று தேட வேண்டியிருக்கும். நல்ல காட்சி ஒன்று எப்படிக் கெட்ட பொருளுக்குப் போனது? விடை தொடரின் பழைய வடிவத்தில் இருக்கிறது.

பழைய வடிவத்தில் திரும்பி வந்தது சாபம். 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சோசர், அநியாயமாக இடப்பட்ட சாபம், பறவை தன் கூட்டுக்குத் திரும்புவதுபோல இட்டவனிடமே திரும்பும் என்று ஒரு பாதிரியாரின் வாயால் சொல்லவைக்கிறார். அங்கே வருவது வெறும் பறவை, கோழி இல்லை. 1810இல் ரொபர்ட் சௌதி வெளியிட்ட ‘த கர்ஸ் ஒப் கெஹாமா’ என்ற நெடுங்கவிதையின் முகப்புப் பக்கத்தில், சாபங்கள் கோழிக்குஞ்சுகள் போன்றவை, அவை எப்போதும் அடைவதற்கு வீடு வந்து சேரும் என்ற பொருளில் ஒரு வரி அச்சானது. இதில் நம்மவர்கள் கவனிக்க ஒரு விசயம்: அந்தக் கவிதை இந்துப் புராணங்களை அடியாக வைத்துக் கட்டப்பட்டது. ஆங்கிலேயர் தங்கள் பண்ணை முற்றத்துப் பழமொழி ஒன்றை இந்துக் கதை ஒன்றின் வாசலில் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறார்கள்.

காலப்போக்கில் ‘சாபம்’ என்ற சொல் உதிர்ந்துபோய் கோழி மட்டும் மிஞ்சியது. ஆனால் சாபத்தின் கசப்பு உதிரவில்லை. அதனால்தான் நல்ல பெறுபேறு எடுத்த மகளைப் பற்றி இந்தத் தொடரைச் சொன்னால் ஆங்கிலம் தெரிந்தவர் திடுக்கிட்டுப் பார்ப்பார். உழைப்புக்குப் பலன் கிடைத்தது என்று சொல்லத்தான் ‘ரீப்’ என்ற அறுவடைச் சொல் இருக்கிறதே.

நம்முடைய வழக்கில் சாபம் போகிற திசை வேறு. அநியாயம் செய்யப்பட்டவரின் வயிறு எரிந்த வாக்கு, செய்தவரைப் போய்ப் பிடிக்கும் என்பதுதான் இங்கே பேச்சு. வைகாசியில் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கிற மாவட்டங்களில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலப் பழமொழியில் சாபம் இட்டவரையே வந்து பிடிக்கிறது. அதற்கு நெருக்கமாக மட்டக்களப்பில் ஒன்று இருக்கிறதென்றால் அது செய்வினை பற்றிய பேச்சு: ஏவினது பலிக்காமல் போனால் ஏவினவனுக்கே திரும்பும் என்பார்கள். பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று வெளியூரார் பகிடி பண்ணுகிற ஊருக்கு, இந்த ஆங்கிலத் தொடரின் மூலக் கருத்து அந்நியமானதில்லை.

எது கோழி, எது கோழியில்லை

மூன்று உறுப்புகளையும் நம் ஊர் விசயங்களில் வைத்துப் பார்த்தால்தான் தொடர் கைக்குள் வரும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி ஆகியவற்றுக்கு இந்தத் தொடர் வரவே கூடாது. நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் ஆட்களை இழந்தவர்கள் எந்தக் கோழியையும் வெளியே விட்டவர்கள் இல்லை. அவர்களைப் பற்றிய கட்டுரையில் இந்த வசனம் வந்தால் ‘செய்த பாவத்துக்கு அனுபவிக்கிறார்கள்’ என்ற பொருள் வந்துவிடும். மாணவர் அப்படி நினைத்து எழுதுவதில்லை. ‘பெரிய விளைவு’ என்று நினைத்து எழுதுகிறார். வாசிப்பவர் காதில் விழுவது வேறு. இந்தத் தொடரில் நடக்கக்கூடிய பிழைகளிலேயே மோசமானது இதுதான்.

வெள்ளம் கொஞ்சம் சிக்கல். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களையும் மூழ்கடித்த மழையை எந்த மனிதரும் வரவழைக்கவில்லை. அதற்குக் கோழி இல்லை. ஆனால் ஒருவர் தன் மதிலை நீட்டுவதற்காக வளவோரத்து வடிச்சல் வாய்க்காலை மண்போட்டு மூடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாலு கோடை ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு மார்கழியில் வாடைமழை விடாமல் பெய்து, போக வழியில்லாத தண்ணீர் அவருடைய குசினிக்குள்ளேயே ஏறுகிறது. செய்தவர் இருக்கிறார், இடையில் காலம் இருக்கிறது, வந்தது அவர் வீட்டுக்கே. இங்கே தொடர் அச்சொட்டாகப் பொருந்தும். அதே தண்ணீர் அவர் வீட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் இருக்கிற அயலவர் வீட்டுக்குள் மட்டும் போயிருந்தால் பொருந்தாது. அது அநியாயம், கோழி அடைவது இல்லை.

அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேடு இன்னொரு நல்ல பரிசோதனை. அங்கே கொட்டப்பட்ட குப்பையில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று சாகும் செய்தி 2022 ஜனவரியில் உலகமெங்கும் போனது. யானைகளின் சாவைச் சொல்லும் வசனத்தில் கோழியைப் போடலாமா? கூடாது. குப்பையைப் போட்டது யானை இல்லை. குப்பையின் உணவுக்குப் பழகிய யானைகள் ஊருக்குள் இறங்குவதைச் சொல்லும்போது, குப்பையை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தீர்மானித்தவர்களை நோக்கி எழுதினால் பொருந்தும். அந்த ஊரின் ஓரத்தில் வாழைவைத்த ஏழை விவசாயியை நோக்கி எழுதினால் பொருந்தாது. செய்தி ஒன்றுதான், வசனத்தின் சொந்தக்காரர் யார் என்பதில்தான் சரியும் பிழையும் இருக்கிறது.

உரத்தடை இதைவிடத் தெளிவு. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பர் கடைசியில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் கிழக்கில் பெரும்போகத்துக்கு விதைத்தாயிற்று. அந்தப் போகத்தின் விளைச்சல் நாடெங்கும் விழுந்தது. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். உரத்தடை அந்த வீழ்ச்சிக்கு ஒரே காரணம் இல்லை. டொலர் தட்டுப்பாடும் கடனும் வரிக்குறைப்பும் சேர்ந்தே வந்தன. இவற்றை எல்லாம் கூட்டி அரசாங்கத்தின் கோழிகள் அடைந்தன என்று எழுதினால் ஆங்கிலம் சரி. ஆனால் அக்கரைப்பற்றிலோ வெல்லாவெளியிலோ பாதி விளைச்சலோடு நின்ற வயற்காரரைக் காட்டி ‘கோழிகள் வந்து அடைந்துவிட்டன’ என்றால், தடை போட்டவர் செய்த பிழையை வயற்காரர் தலையில் கட்டியதாக ஆகும். அவசரமாக எழுதும் பத்தி எழுத்தாளர்களும் இந்த இடத்தில் வழுக்குவது உண்டு.

நுண்கடனுக்கும் இதே எச்சரிக்கை. கடன்கள் ‘கம் ஹோம் டு ரூஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாக எழுதுவார்கள். கிழமைக்குக் கிழமை தவணை கட்டமுடியாமல் தவிக்கிற பெண்களைப் பற்றிய அறிக்கையில் அதைப் போட்டால், கடன் வாங்கியதே குற்றம் என்று சொன்னதாகிவிடும். திருப்பிக் கட்டும் சக்தியைப் பார்க்காமல் ஒரே ஆளுக்கு மேலும் மேலும் கடன் கொடுத்த நிறுவனம், பிறகு வசூலிக்க முடியாமல் விழிப்பதைச் சொல்லத்தான் அது ஏற்றது.

வசனத்தில் வைக்கும்போது

முதலில் உச்சரிப்பு. ‘ரூஸ்ட்’ என்பதில் நெடில் ஊகாரம். ரோஸ் பாணும் கோழி ரோஸ்ட்டும் பழகிய நாக்குக்கு ‘ரோஸ்ட்’ என்றுதான் வரும். எழுத்திலும் அப்படியே விழும். விழுந்தால் கோழிகள் வறுபடுவதற்காக வீட்டுக்கு வந்தன என்று பொருள். இந்தப் பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் நாம் ‘சிக்கன்’ என்ற சொல்லைக் கடையில் இறைச்சிக்குத்தான் பயன்படுத்துகிறோம், முற்றத்தில் நிற்பது கோழி. சிக்கன் என்றதுமே மனம் கொத்துரொட்டிக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

அடுத்தது ‘ஹோம்’. ‘வீட்டுக்கு’ என்பதில் இருக்கிற ‘கு’ நம்மை ‘டு ஹோம்’ என்று எழுதவைக்கும். ‘ஹோம்’ முன்னால் ‘டு’ வராது. தொடரில் இருக்கிற ஒரே ‘டு’ ரூஸ்டுக்கு முன்னால் நிற்பது. அது ‘அடைய’ என்பதில் வரும் வினையெச்சம் மாதிரி. கோழி எப்போதும் பன்மை. ஒருமையில் எழுதினால் தொடர் கலைந்து, ஒரு கோழி வீட்டுக்கு வந்த கதையாகிவிடும்.

எழுவாயாக இரண்டு வகைதான் வரலாம். ஒன்று கோழிகளே. ‘த சிக்கன்ஸ்’ என்றோ, ‘ஹிஸ்’ (அவனுடைய), ‘தெயர்’ (அவர்களுடைய), ‘அவர்’ (எங்களுடைய) என்று சொந்தக்காரரைச் சேர்த்தோ எழுதலாம். யாருடைய கோழி என்பது முன்வசனத்தில் தெளிவாக இல்லாவிட்டால் இரண்டாவது வழியே பாதுகாப்பு. மற்றது, கோழியை விட்டுவிட்டுச் செயலையே எழுவாயாக்குவது: பிழைகள், பொய்கள், தீர்மானங்கள், கடன்கள் ‘ஹேவ் கம் ஹோம் டு ரூஸ்ட்’. அலுவலக அறிக்கைக்கும் கட்டுரைக்கும் இந்த இரண்டாவது வடிவம் அடக்கமாக இருக்கும். கோழி கண்ணை உறுத்தாது. ஆள் எழுவாயாக வரமுடியாது. ‘மினிஸ்டர் கேம் ஹோம் டு ரூஸ்ட்’ என்றால் அமைச்சர் கூட்டுக்குள் ஏறினார் என்றுதான் வரும். செயப்பாட்டு வினையும் சரிவராது. கோழிகளை யாரும் கொண்டுவருவதில்லை, அவை தாமாக வருகின்றன. கட்டளையாகவும் சொல்ல முடியாது.

காலம் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் நிற்கும். வந்துவிட்டன என்பதற்கு ‘ஹேவ் கம்’, வந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு ‘ஆர் கமிங்’, எச்சரிக்கைக்கு ‘வில் கம்’. எதிர்காலத்தில் எழுதும்போது நாள் நேரம் குறிக்காதீர்கள். ‘நாளைக் காலை பத்து மணிக்குக் கோழி அடையும்’ என்பதுபோல அது சிரிப்பாகிவிடும். ‘ஒருநாள்’, ‘கடைசியில்’ என்ற அளவோடு விடுவதே வழக்கம். மட்டக்களப்பார் ‘மறுகா தெரியும்’ (பிறகு தெரியும்) என்று இழுத்துச் சொல்கிற அந்த மறுகாவின் தூரம்தான் இதற்குச் சரியான தூரம்.

பந்தியில் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். இது முடிச்சுப் போடுகிற வசனம், ஆரம்பிக்கிற வசனம் இல்லை. முதலில் யார் என்ன செய்தார், பிறகு எவ்வளவு காலம் போனது, பிறகு என்ன நடந்தது என்று சொல்லி நாலாவதாக இதை வையுங்கள். தலைப்பிலோ முதல் வசனத்திலோ போட்டே ஆகவேண்டுமென்றால் அடுத்த வசனத்திலேயே காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஒரு தடவை போதும். பரீட்சைக் கட்டுரையில் மரபுத்தொடர்களை அடுக்கினால் புள்ளி கூடும் என்ற நம்பிக்கை ரியூஷன் வகுப்புகளில் பலமாக இருக்கிறது. பொருந்தாத இடத்தில் வைத்த தொடர், தொடர் தெரியாததைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கும்.

இழவு வீட்டில் சொல்லாத சொல்

இந்தத் தொடரின் பாரம் எவ்வளவு என்று அளக்க அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்க்கலாம்.

1963 நவம்பர் 22இல் ஜனாதிபதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். அதைப் பற்றி வாய்திறக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் ‘நேஷன் ஒப் இஸ்லாம்’ இயக்கத்தின் தலைவர் எலைஜா முஹம்மட் தன் பேச்சாளர்களுக்குச் சொல்லியிருந்தார். டிசம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் அந்தப் பேச்சாளர்களில் ஒருவரான மல்கம் எக்ஸ் பேசி முடித்த பிறகு, கேள்வி நேரத்தில் கொலையைப் பற்றிக் கேட்டார்கள். கோழிகள் அடைய வந்திருக்கின்றன என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அமெரிக்கா வெளியே விட்ட வன்முறை வீட்டுக்கே வந்தது என்பது அவர் வாதம். அதோடு நிற்கவில்லை. தான் பண்ணையில் வளர்ந்தவன், கோழிகள் வீடு திரும்புவது தனக்கு ஒருநாளும் கவலை தந்ததில்லை, சந்தோசமே தந்தது என்றும் சேர்த்துவிட்டார். கோழி வளர்த்தவர் சொல்லக்கூடிய உண்மைதான் அது. ஆனால் நாடு இழவு வீடாக இருந்த நேரத்தில் கேட்டவர்களுக்கு அது சாவில் சந்தோசம் என்றுதான் விழுந்தது. இயக்கம் அவருக்கு 90 நாள் பேச்சுத் தடை விதித்தது. 1964 மார்ச்சில் அவர் இயக்கத்தை விட்டு வெளியேறினார்.

மற்றது 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஐந்து நாள் கழித்து, சிக்காகோவில் ஜெரமையா ரைட் என்ற போதகர் நிகழ்த்திய பிரசங்கம். அவரும் அமெரிக்காவின் கோழிகள் அடைய வருகின்றன என்றார். 2008இல் பராக் ஒபாமா ஜனாதிபதித் தேர்தலுக்குப் போட்டியிட்டபோது, அவருடைய பழைய போதகர் சொன்னது என்று அந்தக் காணொளி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. ஒபாமா அதைக் கண்டித்துப் பேச வேண்டிவந்தது.

இரண்டு இடத்திலும் சொன்னவர்களின் அரசியல் வாதம் சரியா பிழையா என்பது வேறு வழக்கு. இறந்தவர்கள் முன்னால் இந்தத் தொடர் ‘உனக்கு வேண்டும்’ என்றுதான் ஒலிக்கும். அனுதாபக் கடிதத்தில், நினைவுரையில், விபத்துச் செய்தியில் இதற்கு இடமில்லை. அலுவலகத்தில் மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலிலும் கவனம்: ‘உங்கள் கோழிகள்’ என்றால் நேரடிக் குற்றச்சாட்டு. ‘எங்கள் கோழிகள்’ என்று தன்னையும் சேர்த்து எழுதினால் அது ஒப்புதல் ஆகும், யாருக்கும் நோகாது. வாவியோரத்துக் கண்டல்களை வெட்டியதையும் வாவிக்குள் குப்பை கொட்டியதையும் பற்றி மட்டக்களப்பார் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கில ‘அவர்’ என்ற அந்தத் தன்மைப் பன்மைதான் நேர்மையானது.

பக்கத்து வீட்டுத் தொடர்கள்

விளைவைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு தொடர்களும் இருக்கின்றன, சுருக்கமாகப் பிரித்துக்கொண்டால் போதும். ‘ரீப் வாட் யூ சோ’ (விதைத்ததையே அறுப்பாய்) விவிலியத்தில் கலாத்தியர் 6:7இலிருந்து பரவியது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொதுவானது, உபதேசம் செய்ய ஏற்றது. ‘ஃபேஸ் த மியூசிக்’ என்பதில் ஆள்தான் எழுவாய்: செய்தவர் விசாரணைக்கோ தண்டனைக்கோ முகம் கொடுக்கிறார். நீதவான் முன்னால் நிற்பவருக்கு அதுதான் பொருந்தும்; கோழித் தொடரில் நீதவானும் இல்லை, பொலிசும் இல்லை. ‘பேக்ஃபயர்’ திட்டம் உடனே தலைகீழாவது, இடையில் பகல் கிடையாது. ‘வாட் கோஸ் அரவுண்ட் கம்ஸ் அரவுண்ட்’ (செய்தது சுற்றித் திரும்பி வரும்) வாய்ப்பேச்சுக்கு நல்லது, கட்டுரைக்கு மலிவு. ‘டோன்ட் கவுண்ட் யுவர் சிக்கன்ஸ்’ கோழி என்ற ஒற்றுமையால் மட்டும் குழப்பப்படுவது. அது பொரிக்காத முட்டைக்குக் குஞ்சுக் கணக்குப் பார்க்காதே என்ற புத்திமதி, விளைவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

தமிழுக்குக் கொண்டுவரும்போது

செய்தி மொழிபெயர்ப்பில் ‘கோழிகள் வீடு திரும்பின’ என்று அப்படியே எழுதுவது வீண். நமக்குக் கோழி அடைவது பொழுதுபட்டதற்கு அடையாளம், பழி வந்ததற்கு இல்லை. உருவத்தை விட்டுவிட்டு உறுப்புகளைக் காப்பாற்ற வேண்டும்: யார், எவ்வளவு காலம், யார் தலையில்.

அந்த உறுப்புகள் மூன்றும் அப்படியே இருக்கும் தமிழ் வரி ஒன்று இருக்கிறது. ‘பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்கின்னா பிற்பகல் தாமே வரும்.’ இன்னா செய்யாமை அதிகாரத்தில் 319ஆவது குறள். செய்தவர், முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் நடுவே ஒரு பொழுது, திரும்பி வருவது செய்தவருக்கே. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் ‘தாமே’. கூப்பிடாமல் வருகிற கோழிக்கு இதைவிட நெருக்கமாகப் போக முடியாது. சோசருக்குப் பல நூற்றாண்டு முந்திய வரி இது. கட்டுரைக்கும் பத்திக்கும் இதையே எடுத்தாளலாம், தலைப்புக்கு நீளம்.

நாலடியாரின் 101ஆவது பாட்டில் விலங்கே வருகிறது. பல பசுக்களுக்கு நடுவில் விட்டாலும் கன்று தன் தாயைத் தேடிப் பிடிப்பதுபோலப் பழவினை செய்தவனைத் தேடிப் பிடிக்கும் என்கிறது. மாட்டுப்பட்டிகளைக் கண்ட மட்டக்களப்பாருக்கு இந்தக் காட்சி கோழியைவிடப் பெரிதாகத் தெரியும். இருந்தும் மொழிபெயர்ப்புக்கு இதைக் கையாளும்போது ஒரு தடை உண்டு: பழவினை முற்பிறப்பிலிருந்தும் வரும். ஆங்கிலத் தொடரின் கணக்கு இந்தப் பிறப்போடு, பெரும்பாலும் ஒரு ஆட்சிக்காலத்தோடு முடிந்துவிடும். ‘ஊழ்வினை’, ‘தலைவிதி’ என்று தமிழ்ப்படுத்தினால் செய்தவரின் பொறுப்பு கழன்று விதியின் மேல் போய்விடும். பொறுப்பைச் சுட்டத்தான் ஆங்கிலத்தில் அந்தத் தொடரையே போட்டார்கள்.

‘தன்வினை தன்னைச் சுடும்’ தனி ஆளுக்கு நல்லது. ‘உப்புத் திண்டவன் தண்ணி குடிப்பான்’ குற்றவாளிக்கு, அதுவும் பேச்சுத் தமிழில். ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ பத்திரிகைத் தலைப்புகளில் அடிபட்டுத் தேய்ந்துபோனது. அறுவடைக் காலத்துச் செய்தியில் போட்டால் விவசாயியைத் திட்டுவதுபோலவும் ஆகும். அரசாங்கம், நிறுவனம், கட்சி என்று கூட்டாகச் செய்த பிழைக்குப் பழமொழியைத் தேடாமல் நேராகச் சொல்வதே பெரும்பாலும் சிறப்பு: ‘2021இல் எடுத்த தீர்மானம் 2022இல் அரசாங்கத்தின் வாசலுக்கே வந்தது’. ஆண்டு இரண்டும் உள்ளே இருப்பதால் இடைக்காலம் தெரிகிறது, வாசல் யாருடையது என்பதும் தெரிகிறது. ஆங்கில மூலத்தில் சொந்தக்காரர் பெயரைச் சொல்லாமல் ‘த சிக்கன்ஸ்’ என்று மட்டும் இருந்தால், மேலே இரண்டு பந்தி போய்ப் பெயரை எடுத்துவந்து தமிழ் வசனத்தில் வைத்துவிட வேண்டும். பெயரில்லாமல் ‘விளைவுகள் தெரியத் தொடங்கிவிட்டன’ என்று முடித்தால் அது வானிலை அறிக்கை.